மூன்று பரிவர்த்தனை, மறைவாக இன்னொன்று: இந்திரா காந்தி ஜாதகம், ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு கிரகங்கள் ஒன்றின் வீட்டில் மற்றொன்று மாறி உட்காரும் பரிவர்த்தனை யோகத்துக்கு உதாரண ஜாதகம் கேட்டால், ஜோதிடம் படித்தவர்களில் பலரும் இந்திரா காந்தியின் கட்டத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆறு கிரகங்கள், மூன்று ஜோடி, மூன்றும் வீடு மாறி உட்கார்ந்திருக்கின்றன. "மூன்று மகா யோகம், அதனால்தான் பிரதமர்" என்று ஒரே வரியில் பலன் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரிதான் இடறுகிறது. மூன்று ஜோடியும் ஒரே தரத்தவை இல்லை. அவற்றில் ஒன்றுக்கு சாஸ்திரம் வைத்திருக்கும் பெயரே தைன்யம், அதாவது எளிமைப்பட்ட நிலை. இன்னொன்று, ராசிக் கட்டத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாத நான்காவது பரிவர்த்தனை ஒன்றும் இந்த ஜாதகத்தில் உண்டு. 1975 முதல் 1977 வரை நடந்ததை அதை விட்டுவிட்டு விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜாதகம்

பிறப்பு 19 நவம்பர் 1917, திங்கட்கிழமை, அலகாபாத். நேரம் இரவு 11.11 என்பதே ஜோதிடர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது. வளர்பிறை சஷ்டி. லாகிரி அயனாம்சம் என்ற கணக்கு முறைப்படி கடக லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசி, அதுவே முதல் வீடு), 27 பாகையைத் தாண்டி. இந்த 27 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

லக்னத்தில் சனி, ஆயில்ய நட்சத்திரத்தில். இரண்டாம் வீடான சிம்மத்தில் செவ்வாய், பூரத்தில். ஐந்தாம் வீடான விருச்சிகத்தில் சூரியனும் புதனும், இருவருமே அனுஷத்தில். ஆறாம் வீடான தனுசில் சுக்கிரனும் ராகுவும். சுக்கிரன் பூராடம், ராகு மூலம். ஏழில், மகரத்தில், சந்திரன் உத்திராடம் மூன்றாம் பாதம். பதினொன்றில், ரிஷபத்தில், குரு ரோகிணியில் வக்கிரமாக, அதாவது பின்னோக்கி நகர்ந்தபடி. பன்னிரண்டில், மிதுனத்தில், கேது.

உத்திராடம் சூரியனின் நட்சத்திரம் என்பதால் பிறக்கும்போது சூரிய திசை (சூரியன் ஆளும் காலம்), இருப்பு ஏறக்குறைய இரண்டு வருடம். அதனால் இவருக்குத் திசைகள் எல்லாமே பிறந்தநாளை ஒட்டி, நவம்பர் மாதத்தில் மாறுகின்றன. 1919-இல் சந்திரன், 1929-இல் செவ்வாய், 1936-இல் ராகு, 1954-இல் குரு, 1970-இல் சனி. கீழே நான் சொல்லும் புக்திக் காலங்களில், அதாவது திசையின் உட்பிரிவுகளில், சந்திர பாகைக் கணக்கைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் முன்பின் இருக்கலாம்.

முதல் பார்வையில் இது ஏமாற்றம் தரும் ஜாதகம். ராகு கேதுவை விட்டுவிட்டால், ஏழு கிரகங்களில் ஒன்றுகூட உச்சத்தில் இல்லை. ஆட்சியிலும், அதாவது சொந்த வீட்டிலும், ஒன்றும் இல்லை. சனி பகை வீட்டில், குரு பகை வீட்டில். புதன் சூரியனுக்கு ஏறக்குறைய ஒன்பது பாகை தூரத்தில் வந்து அஸ்தங்கம், அதாவது சூரிய ஒளியில் மறைந்து பலமிழந்த நிலை. சூரியனும் புதனும் சேர்ந்தாலே புத ஆதித்ய யோகம் என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே புதன் எரிந்துபோய் நிற்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கஜகேசரி என்றும் சிலர் சொல்கிறார்கள். சந்திரனுக்குக் கேந்திரத்தில் (1, 4, 7, 10-ஆம் இடத்தில்) குரு இருந்தால்தான் அது. மகரத்திலிருந்து எண்ணினால் ரிஷபம் ஐந்தாவது, ஆகவே இல்லை. குருவின் ஒன்பதாம் பார்வை சந்திரன் மேல் விழுகிறது, அது நல்லதுதான், ஆனால் அதன் பெயர் கஜகேசரி ஆகாது.

பெயர் தெரியாமல் இந்தக் கட்டத்தை நீட்டி, ஆட்சி உச்சத்தை மட்டும் எண்ணிப் பலன் சொல்லச் சொன்னால், "சாதாரண ஜாதகம், தாயார் உடல்நிலையைக் கவனியுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பரிவர்த்தனையின் தரம்

ஒரு வீட்டின் அதிபதி இன்னொரு வீட்டில் இருக்க, அந்த வீட்டுக்காரர் இவர் வீட்டில் வந்து உட்கார்ந்தால் பரிவர்த்தனை. பன்னிரண்டு வீடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 ஜோடி வரும். மந்திரேஸ்வரர் எழுதிய பலதீபிகை இந்த 66-ஐ மூன்றாகப் பிரிக்கிறது. 6, 8, 12 ஆகிய மறைவு வீடுகளில் ஒன்று கலந்தாலே அது தைன்யம், இப்படி 30. அவை கலக்காமல் மூன்றாம் வீடு கலந்தால் கலம், இப்படி 8. மீதி 28 மகா யோகம். பாதிக்கும் குறைவானவைதான் மகா யோகம் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

இது சேர்க்கைக் கணக்கு. வானத்தில் எல்லாமே நடந்துவிடாது. உதாரணமாக, சூரியன் மிதுனத்திலும் புதன் சிம்மத்திலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை, இடையில் கடகம் முழுதாக 30 பாகை கிடக்கிறது. சில மென்பொருட்கள் "அரிய யோகம்" என்று பட்டியல் போடும்போது அரிதுக்கும் நடக்கவே முடியாததுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

சரி, நம் ஜாதகத்துக்கு வருவோம். கடக லக்னத்துக்கு லக்னாதிபதி சந்திரன் ஏழில், ஏழாம் அதிபதி சனி லக்னத்தில்: 1க்கும் 7க்கும் பரிவர்த்தனை, மகா யோகம். இரண்டாம் அதிபதி சூரியன் ஐந்தில், ஐந்தாம் அதிபதி செவ்வாய் இரண்டில்: இதுவும் மகா யோகம். ஆறாம் அதிபதி குரு பதினொன்றில், பதினொன்றாம் அதிபதி சுக்கிரன் ஆறில்: இது தைன்யம். ஆக, மூன்று மகா யோகம் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. இரண்டு மகா யோகம், ஒரு தைன்யம்.

இதில் இன்னொரு சிக்கல். சந்திரனையும் சூரியனையும் தவிர மற்ற கிரகங்களுக்கு இரண்டு வீடு. பரிவர்த்தனையில் ஒரு வீடுதான் மாறுகிறது, இன்னொரு வீட்டின் குணமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. சனி ஏழாம் அதிபதி மட்டுமா, எட்டாம் அதிபதியும்தான். செவ்வாய் ஐந்துக்கும் பத்துக்கும் உடையவர், கடகத்துக்கு யோககாரகர், அதாவது அந்த லக்னத்துக்கு யோகம் தருபவர். குரு ஆறோடு ஒன்பதையும், சுக்கிரன் பதினொன்றோடு நான்கையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கூடுதல் சுமைதான் பல இடங்களில் பலனைத் தீர்மானிக்கிறது.

திருமணமும் சிறையும் ஒரே புக்தியில்

முதல் ஜோடியில் சந்திரனும் சனியும் நேர் எதிரே நிற்கிறார்கள். வீடு மாறி உட்கார்ந்தும், ஏழாம் பார்வையால் ஒவ்வொருவரும் தம் சொந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். லக்னாதிபதி லக்னத்தைப் பார்ப்பது பெரிய பலம். எங்கே போனாலும் தன்னை விட்டுக்கொடுக்காத குணத்துக்கு இதைச் சொல்லலாம். சனியின் பத்தாம் பார்வை மேஷத்தில், தொழில் வீட்டில் விழுகிறது.

ஆனால் நம் பக்கத்தில் பொருத்தம் பார்ப்பவர்கள் இந்தச் சந்திரன் சனித் தொடர்பைப் பார்த்தவுடன் யோகம் என்று சொல்லமாட்டார்கள். புனர்பூ தோஷம் என்பார்கள். சேர்க்கை, பார்வை, பரிவர்த்தனை, சாரம் (கிரகம் நிற்கும் நட்சத்திரம்) என்று எந்த வகையில் இருவரும் தொடர்பு கொண்டாலும் திருமணத்தில் தடை, தாமதம், மனக்கசப்பு என்பது வழக்கமான வாசிப்பு. இங்கே பார்வையும் பரிவர்த்தனையும் சேர்ந்தே இருக்கின்றன.

1941 டிசம்பர் முதல் 1944 அக்டோபர் வரை ராகு திசை சனி புக்தி. 26 மார்ச் 1942 அன்று பெரோஸ் காந்தியுடன் திருமணம். பெரோஸ் பார்சி. வீட்டில் தயக்கம், வெளியே நாடு முழுக்க எதிர்ப்பு, மகாத்மா காந்தியே ஆதரவாகப் பேச வேண்டியிருந்தது. ஏழாம் அதிபதி புக்தியில் கல்யாணம் நடந்தது, புனர்பூ சொல்லும் தடையும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இருவருமே சிறையில். இந்திரா வெளியே வந்தது 1943 மே மாதம். புக்தி மாறவில்லை, சனிதான். ஏழாம் அதிபதியாகக் கல்யாணம் கொடுத்தவர் எட்டாம் அதிபதியாகச் சிறையும் கொடுத்தார். 1944 ஆகஸ்டில் ராஜீவ் பிறந்ததும் இதே புக்தியின் முடிவில்தான்.

செவ்வாய் தோஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டில் செவ்வாய், சந்திரனுக்கு எட்டிலும் செவ்வாய். தோஷம் உண்டு. ஆனால் சிம்மத்தில் செவ்வாய் இருந்தால் விலக்கு, கடக லக்னத்துக்கு விலக்கு என்று நம் விதிகள் இரண்டு வாசலையும் திறந்துவிடுகின்றன. விதிப்படி தோஷமில்லை. பெரோஸ் காந்தி 8 செப்டம்பர் 1960 அன்று இறந்தபோது அவருக்கு 48 முடிய நான்கு நாள் பாக்கி. விலக்கு விதிகளை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த ஜாதகமும் ஒரு காரணம்.

மகா யோகம் தன் திசையில் என்ன கொடுத்தது

இரண்டு ஐந்து ஜோடியைத்தான் எல்லோரும் ராஜயோகம் என்று கொண்டாடுவார்கள். யோககாரக செவ்வாய், அரச கிரகமான சூரியன், செவ்வாய் நான்காம் பார்வையால் தன் விருச்சிகத்தையே பார்க்கிறார், சூரியன் நவாம்சத்தில் (ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டத்தில்) சிம்மம் ஏறி ஆட்சி. காகிதத்தில் இதைவிட நல்ல ஜோடி கேட்க முடியாது.

இந்த ஜோடி தானே திசையாகவும் தானே புக்தியாகவும் நடந்த காலம் ஒன்று உண்டு. செவ்வாய் திசை சூரிய புக்தி, 1935 டிசம்பர் முதல் 1936 ஏப்ரல் வரை, நான்கு மாதம். பலர் இந்தக் காலத்தைத் தேடிப் பார்ப்பதே இல்லை. அப்போது நடந்தது, 28 பிப்ரவரி 1936 அன்று சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் தாயார் கமலா நேரு மரணம். காசநோய். மகளுக்கு வயது 18.

இதற்கு விளக்கம் கொடுக்கலாம். நான்காம் அதிபதி சுக்கிரன் ஆறில் ராகுவோடு, அந்த வீடு நோயின் வீடு, தாய்க்காரகன் சந்திரனைச் சனி பார்க்கிறார், எனவே தாய் ஸ்தானம் முன்பே பழுதாகியிருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பழுதை வெளியே கொண்டுவந்தது மறைவு ஸ்தான கிரகத்தின் காலம் இல்லை, மகா யோக ஜோடியின் காலம். ஒரு யோகம் "இருக்கிறது" என்பதால் அதன் காலம் முழுக்க இனிப்பாகவே இருக்கும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்பவர்கள் இந்த நான்கு மாதத்தைப் பார்க்க வேண்டும்.

அதே சூரியன் முப்பது வருடம் கழித்து வேறொரு திசையில் வந்தார். குரு திசை சூரிய புக்தி, 1965 மே மாதவாக்கில் தொடங்கி 1966 மார்ச் வரை. 11 ஜனவரி 1966 அன்று தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி காலமானார். 24 ஜனவரி அன்று இந்திரா பிரதமர். குருவும் சூரியனும் ரிஷபம் விருச்சிகமாக நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். பத்தாம் அதிபதியோடு வீடு மாறிய சூரியன், தகப்பனைக் காட்டும் சூரியன், தகப்பன் 17 வருடம் உட்கார்ந்த நாற்காலியில் மகளை உட்கார வைக்கிறார். ஜாதகத்தில் மிக அழகாகப் பொருந்தும் இடம் இதுதான்.

தைன்யம் ஏற்றிவிட்ட பதினாறு வருடம்

அந்த அழகில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. சூரியன் புக்திநாதன்தான். திசைநாதன் குரு. அவர் இருப்பது தைன்யப் பரிவர்த்தனையில்.

1954 முதல் 1970 வரை ஓடிய குரு திசைதான் இவரைத் தகப்பனாரின் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மகள் என்ற இடத்திலிருந்து நாட்டின் தலைமைக்குக் கொண்டுவந்தது. 1959 பிப்ரவரியில் காங்கிரஸ் தலைவர். 1964 மே 27 அன்று நேரு மறைவு, அப்போது சுக்கிர புக்தி, அதாவது அதே தைன்ய ஜோடி. சில வாரங்களிலேயே சாஸ்திரி அமைச்சரவையில் செய்தி ஒலிபரப்புத் துறை. 1966-இல் பிரதமர். 1969-இல் ராகு புக்தியில் கட்சி இரண்டாகப் பிளந்தது, பிளந்த பிறகும் ஆட்சி இவர் கையில்தான்.

ஆறாம் வீடு எதிரி, வழக்கு, கடன், நோய். பதினொன்று லாபம், விருப்பம் நிறைவேறுதல். இரண்டும் வீடு மாறினால் எதிரியால் லாபம், லாபத்தால் எதிரி. தைன்யம் என்ற பெயரைக் கேட்டு ஒதுக்கிவிடுபவர்கள் அரசியல்வாதி ஜாதகத்தில் ஆறாம் வீடு வலுக்காமல் ஒன்றும் நடக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள். மூத்த தலைவர்கள் இவரை எளிதாக ஆட்டிவைக்கலாம் என்று எண்ணித்தான் பதவியில் ஏற்றினார்கள். தன்னை எளிதாக நினைத்த எதிரிகளாலேயே ஏறுவது. ஆறு பதினொன்றுக்கு இதைவிடச் சரியான படம் எனக்குத் தெரியவில்லை.

சுக்கிரன் பக்கத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கடகம் சர ராசி, சர லக்னத்துக்குப் பதினொன்றாம் அதிபதி பாதகாதிபதி, அதாவது கெடுதல் செய்பவர். அவர் ராகுவோடு இருக்கிறார். சனி திசை சுக்கிர புக்தி 1977 செப்டம்பரில் தொடங்கி 1980 நவம்பர் வரை. தொடங்கியவுடனே அக்டோபரில் கைது. 1980 ஜனவரித் தேர்தலில் 353 இடங்களோடு மறுபடி பிரதமர். ஐந்து மாதம் கழித்து, ஜூன் 23 அன்று, விமான விபத்தில் சஞ்சய் மரணம். எதிரியை வெல்லும் ஆறாம் வீடும், லாபமும், பாதகமும் மூன்று வருடத்துக்குள் அடுத்தடுத்து வந்து போயின.

நான்காவது பரிவர்த்தனை

மூன்று ஜோடியில் ஆறு கிரகம். ஏழாவதான புதன் மட்டும் தனியாக நிற்கிறார். பெரும்பாலான விளக்கங்களில் புதனுக்குக் கிடைப்பது அரை வரி.

சாரத்தைப் பாருங்கள். புதன் நிற்பது அனுஷம், சனியின் நட்சத்திரம். சனி நிற்பது ஆயில்யம், புதனின் நட்சத்திரம். சனியும் புதனும் சாரம் மாறியிருக்கிறார்கள். சாரப் பரிவர்த்தனை. ராசிக் கட்டத்தில் ஒருவர் லக்னத்தில், ஒருவர் ஐந்தில். சேர்க்கை இல்லை, பார்வை இல்லை, தொடர்பே இல்லாதது போலத் தெரியும். உள்ளே இருவரும் ஒருவர் பலனை ஒருவர் சுமக்கிறார்கள். (ராகு மூலத்திலும் கேது திருவாதிரையிலும் இருப்பதால் அவர்களும் சாரம் மாறியவர்களே. அதை இங்கே விரிக்கவில்லை.)

புதன் யார்? கடகத்துக்கு மூன்று, பன்னிரண்டுக்கு உடையவர். சனி ஏழு, எட்டுக்கு உடையவர். எட்டாம் அதிபதியும் பன்னிரண்டாம் அதிபதியும் சாரம் மாறுகிறார்கள், அதில் ஒருவர் லக்னத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் அஸ்தங்கமாகி ஐந்தில், புத்தி ஸ்தானத்தில்.

சனி திசை 1970 நவம்பரில் தொடங்கியது. முதல் மூன்று வருடம் சுயபுக்தி. 1971 தேர்தல் வெற்றி, டிசம்பரில் போர், வங்கதேசம். ஏழாம் வீடு எதிரே நிற்பவரின் வீடு. ஏழாம் அதிபதி லக்னத்தில் வந்து பணிந்த காலம் என்று ஜோதிடர்கள் சொல்வது இதைத்தான். பிறகு 1973 நவம்பரில் புதன் புக்தி. 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம், அதே மாதம் 18-ஆம் தேதி பொக்ரான் அணு வெடிப்பு. 12 ஜூன் 1975 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது. 25 ஜூன் இரவு நெருக்கடி நிலை. எட்டு எதிர்பாராத வீழ்ச்சி, பன்னிரண்டு சிறையும் இழப்பும். 1942-இல் அதே சனி இவரைச் சிறைக்கு அனுப்பினார். 1975-இல் இவர் மற்றவர்களைச் சிறைக்கு அனுப்பினார். புத்தி ஸ்தானத்தில் எரிந்த புதன் இருக்கும்போது எடுத்த முடிவு அது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

புதன் புக்தி 1976 ஜூலை இறுதியில் முடிந்து கேது புக்தி. கேது இருப்பது மிதுனத்தில், புதனின் வீட்டில், பன்னிரண்டில். வீடு கொடுத்தவர் பலனைத்தான் கேது தருவார் என்பது பாலபாடம். 1977 மார்ச்சில் தேர்தல் தோல்வி, ரேபரேலியில் தன் தொகுதியையும் இழந்தார். புதன் தொடங்கியதைக் கேது முடித்துவைத்தார்.

பெரோஸ் காந்தி இறந்தது எந்தப் புக்தி என்று போய்ப் பார்த்தேன். குரு திசை புதன் புக்தி. ஏழாம் அதிபதியோடு சாரம் மாறிய பன்னிரண்டாம் அதிபதி. பொருந்துகிறது. ஆனால் 1946 டிசம்பரில் சஞ்சய் பிறந்ததும் புதன் புக்திதான், ராகு திசையில். ஐந்தில் இருப்பவர் குழந்தை கொடுத்தார் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது சாரத்தை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொள்கிறோம். ஒரே கிரகத்தை வசதிக்குத் தகுந்தபடி இரண்டு விதமாக வாசிக்கிறோம் என்ற குற்றச்சாட்டு இங்கே நியாயமானது. என் பதில், சனியின் திசை நடந்தபோதுதான் சாரப் பரிவர்த்தனை முழு உருவில் வந்தது என்பது. அது போதுமான பதிலா என்று படிப்பவர் தீர்மானிக்கட்டும்.

1984

சனி திசை செவ்வாய் புக்தி முடியும் தறுவாயில், 1984 ஜூன் தொடக்கத்தில், பொற்கோவிலில் ராணுவ நடவடிக்கை. அந்த மாத இறுதியில் ராகு புக்தி. அக்டோபர் 31 காலை அவருடைய பாதுகாவலர்கள் இருவரே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ராகு ஆறில், பாதகாதிபதி சுக்கிரனோடு. ஆறாம் வீட்டுக்கு எதிரி என்று ஒரு பொருள், பணியாளர் என்று இன்னொரு பொருள். திசைநாதன் சனி ஏழு, எட்டுக்கு உடையவர்.

இதை எழுதுவது சுலபம், நடந்து முடிந்துவிட்டது. சனி திசை ராகு புக்தி கண்டம் என்று முன்பே சொல்லியிருக்கலாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். பணியாளர் என்ற பொருளை ஆறாம் வீட்டிலிருந்து எடுத்து முன்னால் வைத்திருக்க எந்த விதியும் இல்லை. அதே வீட்டை வைத்து நோய் என்றோ வழக்கு என்றோ சொல்லியிருந்தாலும் சாஸ்திரப்படி தவறில்லை.

இரண்டேகால் நாளும் பன்னிரண்டு நிமிடமும்

இந்த மூன்று பரிவர்த்தனையும் வானத்தில் எவ்வளவு நேரம் இருந்தன? சூரியன், செவ்வாய், குரு, சுக்கிரன், சனி எல்லாம் மெதுவாக நகர்பவர்கள். வேகமானவர் சந்திரன். அவர் மகரத்தில் இருந்த இரண்டேகால் நாள் முழுக்க மூன்று ஜோடியும் இருந்தன. அந்த நாட்களில் உலகில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் இதே ஆறு கிரகம், இதே வீடு மாற்றம். அவர்களில் ஒருவர்தான் நேரு குடும்பத்தில் பிறந்தார். தேசம், காலம், பாத்திரம் பார்க்காமல் பலன் சொல்லாதே என்று பழையவர்கள் சொன்னது இதற்குத்தான். கிரகச் சேர்க்கை மட்டும் பிரதமரை உண்டாக்கியிருந்தால் அன்றைக்கு ஒரு பட்டாளமே பிரதமராகியிருக்க வேண்டும்.

குழந்தைக்குக் குழந்தை மாறுவது லக்னம். இங்கேதான் அந்த 27 பாகை. கடகம் முடிய மூன்று பாகைகூட மீதி இல்லை. அலகாபாத் அட்சரேகையில் அந்த மிச்சம் கடக்க ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். கடிகாரம் கால் மணி நேரம் பிசகியிருந்தால் சிம்ம லக்னம்.

சிம்மமானால் ஒரு கிரகமும் இடம் மாறாது, தரம் மட்டும் தலைகீழாகும். சந்திரன் சனி ஜோடி 12, 6 ஆகி மகா யோகத்திலிருந்து தைன்யத்துக்கு இறங்கும். குரு சுக்கிரன் ஜோடி 5, 10 ஆகி தைன்யத்திலிருந்து மகா யோகத்துக்கு ஏறும். சூரியன் செவ்வாய் ஜோடி 1, 4. சிம்மத்தை வைத்துப் பார்த்தாலும் 1942 பொருந்துகிறது, சனி அப்போதும் ஏழாம் அதிபதியே. 1966-ம் பொருந்துகிறது, சூரியன் லக்னாதிபதி. குரு திசையின் ஏற்றம் இன்னும் சுலபமாகவே பொருந்தும். இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நாள் சிம்மம்தானோ என்று யோசித்தது உண்டு.

பொருந்தாமல் போவது புதன். சிம்மத்துக்கு அவர் இரண்டு, பதினொன்றுக்கு உடையவர், தனகாரியம் பார்ப்பவர். சனி ஆறு, ஏழு. எட்டும் பன்னிரண்டும் சாரம் மாறும் கதையே அங்கே இல்லை. கேது பதினொன்றில் வந்துவிடும். பதினொன்றில் கேது புக்தி நடக்கும்போது சொந்தத் தொகுதியே கைவிட்டுப் போனதற்கு நியாயம் தேட வேண்டியிருக்கும். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரையிலான 21 மாதம் கடகத்தில்தான் தானாக வந்து உட்காருகிறது. அரை வரியில் தள்ளிவிடும் அந்தப் புதனை வைத்துத்தான் நான் இரவு 11.11-ஐ ஏற்றுக்கொள்கிறேன்.